எங்கள் தோட்டத்துக் கிழங்குகள்

சித்திரை மாதத்தில் எங்கள் இல்லத்துக்கு வந்தவர்கள் எங்கள் தோட்டத்தைக் கண்டு இரக்கம் கொள்வது வழக்கமாயிருந்தது. நெய்வேலி நகரியத்துக் குடியிருப்புகளில் முன்னும் பின்னும் தாராளமாக இடம் உண்டு. அண்டை வீடுகளில் மாவும் பலாவும் முருங்கையும் நிழல் பரப்பி நிற்க, எங்கள் வீட்டின் பின்புறம் மட்டும் பெருக்கி வைத்த செம்மண் தரையாய்க் கிடக்கும். ஆங்காங்கே ஊன்றிய மூங்கிற்குச்சிகளும், அவற்றில் கட்டிய தகரத் துண்டுகளுமே அங்குள்ள அலங்காரம். "தண்ணீருக்குக் குறைவில்லாத ஊரில் இருந்துகொண்டு ஒரு கத்தரிச் செடியாவது வைக்கலாகாதா?" என்று பங்கு அன்பர் ஒருவர் எங்களைக் கடிந்துகொண்டதும் உண்டு. அந்தத் தரைக்கு அடியில், ஒரு சாண் ஆழத்தில், நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன என்று அவரிடம் சொல்லிப் பார்த்தோம். சிரித்தார்.

"நாங்கள்" என்று எழுதுவது பெருமைக்காக அன்று. எங்களில் ஒருவருக்குச் செடிப் பித்து. மற்றவருக்கு அப்பித்தைப் பொறுத்துக்கொள்ளும் வரம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட இல்லறத்தில் பித்து யாருடையது, பொறுமை யாருடையது என்று பிரித்தறிய இயலாதபடி இரண்டும் கலந்துவிட்டன. ஆகவே பன்மையில் எழுதுவதே உண்மைக்குப் பொருத்தம்.

இதற்குத் தொடக்கம் ஒரு துர்நாற்றம். 1993-ஆம் ஆண்டுக் கோடையில், ஒரு மழை பெய்து ஓய்ந்த மூன்றாம் வாரம், எங்கள் பின்கட்டில் செத்த உடலின் வாடை எழுந்தது. மூன்று வீட்டார் சேர்ந்து செத்த எலியைத் தேடினோம். விறகுக் குவியலைக் கலைத்தோம்; சாக்கடை மூடியைத் தூக்கினோம். கடைசியில், முந்திய ஆண்டு வடலூரில் வாங்கிப் பாதி சமைத்து, மீதியை மூலையில் போட்டு மறந்துவிட்ட சேனைக்கிழங்குதான் குற்றவாளி என்று தெரிந்தது. இலையேதுமில்லாமல், கருஞ்சிவப்பு நிறத்தில், சுருக்கம் வைத்துத் தைத்த பாவாடை போல் விரிந்து, நடுவே கொழுத்ததொரு குமிழைத் தாங்கி, மண்ணோடு மண்ணாக அது பூத்திருந்தது. ஈக்கள் மொய்த்தன. எங்களில் ஒருவர் மண்வெட்டியை எடுத்துவர, மற்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் முன் மண்டியிட்டுவிட்டார். அன்று மண்வெட்டி தோற்றது.

பின்னர் படித்து அறிந்தோம்: சேனை தன் பூவைச் சூடேற்றி, அழுகிய இறைச்சியின் மணத்தைக் காற்றில் பரப்பி, பிணந்தின்னும் வண்டுகளை ஏமாற்றி வரவழைக்கிறது. முதலில் அதன் பெண் பூக்கள் பக்குவமடைகின்றன. அதற்குப் பின்னரே ஆண் பூக்கள் மகரந்தத்தை உதிர்க்கின்றன. தன் மகரந்தம் தனக்கே சேராதிருக்க இந்த ஏற்பாடு. நாம் புளிவிட்டு வறுத்து உண்ணும் கிழங்கினுள் இத்தனை சூழ்ச்சி இருக்குமென யார் எண்ணுவர்? அண்டை வீட்டு அக்கா மட்டும் அடுத்த சில ஆண்டுகள் எங்கள் வீட்டுச் சேனை வறுவலைத் தொடவில்லை.

அதன்பின் எங்கள் கண்கள் தரையைப் பார்த்தே நடந்தன. கிழங்கு என்று நாங்கள் பொதுவாகச் சொல்வதைத் தாவர நூலார் பலவாகப் பிரிப்பர். வெங்காயம் போல் அடுக்கடுக்கான தோலுடையவை ஒரு வகை. சேனை போல் திண்ணியவை ஒரு வகை. இஞ்சி போல் படுத்தவாறு ஓடுபவை மற்றொரு வகை. உருவம் எதுவாயினும் தொழில் ஒன்றே: மழைக்காலத்தில் உண்டு சேமித்து, வறண்ட காலத்தில் இலையையும் தண்டையும் உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் ஒடுங்குதல். கோடையை எதிர்த்து நில்லாமல், கோடை முடியும்வரை வீட்டுக்குள் இருந்துவிடும் மூத்தோர் போன்றவை அவை.

நகரியத்தைச் சூழ்ந்த முந்திரித் தோப்புகளில் நாங்கள் முதலில் கண்டது நரிவெங்காயம். பங்குனி வெயிலில், இலை ஒன்றுகூட இல்லாமல், மொட்டைத் தண்டு ஒன்று இரண்டடி உயர்ந்து நிற்கும். அதில் மங்கிய பழுப்பு நிறத்தில் தலைகவிழ்ந்த சிறு பூக்கள். ஒரு பூ ஒரு நாளைத் தாண்டி நில்லாது. மழை வந்த பின்னரே இலைகள் தோன்றும். அப்போது பூவின் சுவடே இராது. பூவைக் கண்டவர் இலையைக் கண்டதில்லை, இலையைக் கண்டவர் பூவைக் கண்டதில்லை என்னும்படி இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதேயில்லை. இதன் கிழங்கு நஞ்சு. அளவறிந்த மருத்துவர் கையில் இதயத்துக்கு மருந்து. மத்தியதரைக் கடற்கரையில் வளரும் இதன் உறவினத்தை அந்நாட்டார் பன்னெடுங்காலமாக மருந்தாகவும் எலிப் பாஷாணமாகவும் பயன்படுத்தினர்.

புற்களுக்கிடையே, தரையை ஒட்டி, மஞ்சள் நட்சத்திரம் போல் சிரிக்கும் நிலப்பனையையும் அங்கே கண்டோம். அதன் பூ மேலே தெரிந்தாலும், காயாகப் போகும் பகுதி மண்ணுக்குள்ளேயே மறைந்திருக்கும். விஷமூங்கிலை எல்லோரும் அறிவர். இரவில் மணக்கும் அதன் வெள்ளைப் பூக்களைப் பல வீட்டு வேலிகளில் காணலாம். ஆனால் அதன் விதையைக் கவனித்தவர் சிலரே. கோலிக்குண்டைவிடப் பெரிதாய், பச்சையாய், சதைப்பற்றோடு இருக்கும். ஒருமுறை அவ்விதை ஒன்றை வானொலிப் பெட்டியின் மேல் வைத்து மறந்துவிட்டோம். மண்ணும் இல்லை, ஒரு சொட்டு நீரும் இல்லை. தன்னுள் வைத்திருந்த ஈரத்தைக் கொண்டே அது முளைத்து, மாலைச் செய்திகளுக்கு மேலாக வேர் நீட்டியிருந்தது.

எங்களுக்கு வியப்பளித்தது மற்றொன்று. பீடத்துக்கும் மாலைக்கும் நாம் பயன்படுத்தும் சம்பங்கி நம் நாட்டுக் கிழங்கு அன்று, மெக்சிகோவிலிருந்து வந்தது. மழை பெய்ததும் வரப்போரத்தில் இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் மழை லில்லியும் அமெரிக்கக் கண்டத்தினதே. வந்த விருந்தினரைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைத்த இடத்தில் ஒரு மூலையாவது வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கலாகாதா என்றுதான் கேட்கிறோம். புனித சூசையப்பரின் சுரூபத்தில் அவர் கையிலுள்ள லில்லிக்கும் நம் மண்ணில் ஓர் உறவு உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளில் நீண்ட வெள்ளைக் குழல் போன்ற பூவுடன் வளரும் நீலகிரி லில்லிதான் அது. லில்லி இனத்தில் உலகின் மிகத் தெற்கே இயற்கையாய் வளர்வது அதுவே என்பர். அதை நெய்வேலியில் வளர்க்க நாங்கள் முயலவில்லை. மலையில் பிறந்ததைச் செம்மண் வெயிலில் வதைப்பதில் என்ன பக்தி இருக்கிறது?

ஆசானின்றிக் கற்ற எங்களுக்கு ஆசானாக அமைந்தவை, ஒரு துறவியின் நூல்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினாட் தாவரக் கூடத்தை நடத்திய சேசு சபைக் குருவானவர் அருட்தந்தை கே. எம். மாத்யூ, தமிழகத்துச் சமவெளிகளிலும் கிழக்குத் தொடர் மலைகளிலும் தம் குழுவினருடன் நடந்து, செடிகளைச் சேகரித்து உலர்த்தி, 1981 முதல் 1988 வரை பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். 'தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரங்கள்' என்பது அதன் பெயரின் பொருள். கர்நாடகம் என்றதும் கன்னட நாடு என்று எண்ணிவிட வேண்டா. நம் சமவெளிக்கு அக்காலத்தார் இட்ட பெயர் அது. தந்தை அவர்கள் 2004-இல் இறையடி சேர்ந்தார். ஈராண்டு கழித்து நாங்கள் அக்கூடத்தைக் காணச் சென்றோம். தாளில் ஒட்டப்பட்டு நிறம் மங்கிய செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, முந்திரித் தோப்பில் நாங்கள் பெயரறியாது கும்பிட்டவர்களின் ஊரும் பேரும் ஒருங்கே கிடைத்தாற்போல் இருந்தது.

துறவியர்க்கும் தாவரங்களுக்கும் உள்ள தொடர்பு இந்நாட்டில் பழையது. 1678-க்கும் 1693-க்கும் இடையே 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூல், கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் செய்வித்தது. மலையாள நாட்டு வைத்தியர் இட்டி அச்சுதன் முதலானோரோடு, அதன் தொடக்கத்துக்கு உதவியவர் கார்மேல் சபைத் துறவி ஒருவர். அவர் பெயரும் மத்தேயுவே. அந்நூலின் படங்களில் ஒன்று, எங்கள் வீட்டில் பெரும்பூசலை விளைவித்த காந்தள்.

காந்தளை அறியாத தமிழர் உண்டோ? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதற்பூ அது. இன்று தமிழ்நாட்டு அரசின் மலரும் செங்காந்தளே. 1753-இல் லின்னேயஸ் அதற்குக் குளோரியோசா சூபர்பா என்று பெயரிட்டார். திருப்பலியில் நாம் பாடும் 'குளோரியா'வின் உறவுச் சொல்தான் அது. ஆனால் நம் உழவர் இட்ட பெயர்களே எங்களுக்கு இனியவை. கிழங்கு இரு கைகளாய்க் கவர்விட்டு ஏரைப் போலிருப்பதால் கலப்பைக்கிழங்கு. கார்த்திகையை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ. கண்வலிக்கிழங்கு என்பது மற்றொரு பெயர். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கொடியாகி, கிடைத்த குச்சியைப் பிடித்து ஏறும். பூ விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். நாள் ஏற ஏறச் செம்மை கீழிறங்கி, வாடும் தறுவாயில் முழுதும் சிவந்து நிற்கும். வாடுகையில் அழகு மிகும் பூ வேறொன்றை நாங்கள் கண்டதில்லை.

அதன் கிழங்கு கொடிய நஞ்சு. இதை அறிந்தே வைத்திருந்தோம். அறிந்தும் கவனக் குறைவாயிருந்தோம். 1997-இல் ஒரு விடுமுறை நாளில், மாற்றி நடுவதற்காகத் தோண்டிய நான்கு கிழங்குகளைப் பின்வாசற்படியில் காயவைத்துவிட்டு உள்ளே போனோம். திரும்பி வந்தபோது, ஆறு வயது நிரம்பிய எங்கள் மகள், பக்கத்து வீட்டுத் தோழியோடு சொப்புச் சாமான் பரப்பிக் கூட்டாஞ்சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். கிழங்குகளுள் ஒன்று சிறு சிறு துண்டுகளாய், மண் சோற்றின் மேல், இலையில் பரிமாறப்பட்டிருந்தது. "சர்க்கரைவள்ளி, அம்மா" என்றாள்.

வாயில் வைத்தீர்களா என்று கேட்டதற்கு ஒருத்தி இல்லை என்றாள். மற்றவள் அழத் தொடங்கினாள். இரு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். ஓரிரவும் ஒரு பகலும் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நேரவில்லை, அவர்கள் உண்ணவில்லை. ஆனால் அந்த இரவில், கட்டிலுக்கு இருபுறமும் அமர்ந்து செபமாலை உருட்டிய நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெற்றோர் எங்களைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எளிதாயிருந்திருக்கும். வீடு திரும்பியதும் காந்தள் அத்தனையையும் தோண்டியெடுத்து எரித்தோம். ஆறு ஆண்டுகள் அப்பூவின் பெயர் எங்கள் வீட்டில் பேசப்படவில்லை.

2003-இல் அது திரும்பி வந்தது. கேட்டவள் எங்கள் மகளே. பள்ளி மேல்வகுப்பில் தாவரவியல் படித்தவள், கொல்கிசீன் என்னும் பொருளைப் பற்றிப் பாடத்தில் கண்டுவிட்டு, "நான் சமைத்த கிழங்கில் இருப்பதும் இதுதானே?" என்றாள். ஆம், அதுவே. கீல்வாதத்தின் ஒரு வகைக்கு மருந்து. செடிகளின் மரபணுத் தொகுதியை இரட்டிப்பாக்க உதவுவதால் 1937 முதல் பயிர் ஆராய்ச்சியாளர்க்குக் கருவி. கொல்ல வல்லதே குணப்படுத்தவும் வல்லது. கடுமையான விதிகளுடன் மீண்டும் நட்டோம். காந்தளுக்குத் தனிக் கொத்து, தனிக் கூடை. கிழங்கு வீட்டு வாசற்படி ஏறலாகாது. ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட தகரத் துண்டு, அவ்வெண் ஒரு நோட்டில். பூட்டுள்ள கம்பி வேலி ஒன்றும் போட்டோம்.

பிழைகள் பல செய்தோம். நீர் மலிந்த ஊர் என்று சொன்னோமல்லவா? நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு பொங்கும் நிலத்தடி நீரை இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். அதனால் குழாயில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. உறங்கும் கிழங்குக்கு அதைவிடப் பகை வேறில்லை. மாசி மாதத்தில் தரை காய்ந்து கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு ஊற்றிய நீரில் முதலாண்டு நட்டவற்றில் பாதி அழுகிப் போயின. காந்தள் கிழங்கின் முளைக்கண் கையின் நுனியில்தான் இருக்கிறது. அந்நுனி ஒடிந்தால் அக்கை முளைக்காது. அளவு நாடா கொண்டு அளக்கப்போய் மூன்றை ஒடித்தோம். பல ஆண்டு அனுபவத்தில் நாங்கள் கற்ற தோட்டக்கலை, பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் கலையே.

இன்னொரு பிழையைச் சொல்லக் கூச்சமாயிருக்கிறது. மூலிகை தோண்டி விற்கும் அம்மையார் ஒருவர் ஐப்பசி தோறும் எங்களுக்குக் கிழங்கு கொண்டுவந்து தருவார். நல்ல விலை கொடுத்தோம். சில ஆண்டுகள் கழித்து, அவர் தோண்டும் வேலியோரத்தைக் காண ஆவல் கொண்டு உடன் சென்றோம். நீண்ட கள்ளி வேலி, அதனடியில் குழிகள். ஒரு கொடி எஞ்சவில்லை. "நீங்கதான கேட்டீங்க, சாமி" என்றார் அவர். வேறென்ன சொல்வார்? மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் உழவர்கள் காந்தளை விதைக்காகப் பெருமளவில் பயிரிடுகிறார்கள். முள்கிளுவையையும் கம்பிப் பந்தலையும் பற்றி ஏறும் கொடிகளில், சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், காலை வேளையில் பூப் பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். அந்தத் தோட்டங்களுக்கும் நடுகிழங்கு காடுகளிலிருந்தே வந்தது. பெரிய தேவையின் பெயரால் அங்கே நடந்ததைச் சிறிய ஆசையின் பெயரால் நாங்கள் செய்திருந்தோம். அன்றுமுதல் கிழங்கு வாங்குவதை விட்டு விதை போட்டோம். விதையிலிருந்து முளைத்தது பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அந்தக் கள்ளி வேலியில் நாங்கள் திரும்ப நட்ட இருபது நாற்றுகளில் ஏழு பிழைத்தன.

2019-ஆம் ஆண்டு மே மாதம் பணி ஓய்வு வந்தது. ஓய்வு பெற்றவர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டுமென்பது நகரிய வாழ்க்கையின் நியதி. 1956-இல் நிறுவனம் தோன்றியது முதல் எத்தனையோ குடும்பங்கள் தாம் வைத்த மாமரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியேறியிருக்கின்றன. வடலூர்ச் சாலையில் ஒரு சிறு வீடு கட்டியிருந்தோம். நரிவெங்காயத்தையும் விஷமூங்கிலையும் விட்டுச் செல்வது என்று முடிவு செய்தோம். புதிதாய் வருவோரிடம் சொல்லிக்கொள்ளலாம். சாமான்களை வண்டியில் ஏற்ற வந்த இளைஞர்கள், "தோட்டத்தில் எடுக்க ஒன்றுமில்லையே, சார்" என்றார்கள்.

அப்போதுதான் எங்களுக்குப் பின் அவ்வீட்டுக்கு வரவிருந்த இளந்தம்பதியர் இடத்தைப் பார்க்க வந்தனர். தாயின் இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. இறக்கிவிட்டதும் அது நேரே மண்ணுக்குத்தான் சென்றது. ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நோட்டைப் புரட்டினோம். காந்தள் கணக்கு 43. மறுநாள் விடியற்காலையில் தோண்டத் தொடங்கினோம். குச்சி இருக்கும் இடத்தில் கிழங்கு இருக்க வேண்டும். ஆனால் காந்தள் ஆண்டுதோறும் பழைய கிழங்கை வற்றவிட்டுப் புதியதை உண்டாக்குவது. உண்டாக்கும்போது சற்றே இடம் பெயர்வது. பல கிழங்குகள் இப்படித்தான்; சில தம் வேர்களைச் சுருக்கித் தம்மையே ஆழத்துக்கு இழுத்துக்கொள்ளவும் வல்லவை. ஐம்பது மீட்டருக்கும் மேலான மண்ணை அகற்றிக் கரி எடுக்கும் ஊரில், அரை மீட்டர் மண்ணைச் சல்லடையில் சலித்துக்கொண்டு மூன்று நாள் முழங்காலில் நின்றோம். 41 கிடைத்தன. பதினேழாம் எண்ணும் முப்பதாம் எண்ணும் இல்லை. அழுகி மறைந்திருக்கலாம். அழுகாமலும் இருக்கலாம்.

சொல்லாமல் போய்விடலாம் என்ற எண்ணம் எங்களுக்கு வரவில்லை என்று எழுதினால் அது பொய். கணநேரம் வந்தது, 1997-ஆம் ஆண்டின் அந்த இரவு அதை விரட்டியது. அவர்களை அழைத்து உட்கார வைத்து, படத்தைக் காட்டி, இலை நுனி எப்படிச் சுருளும், எந்த மாதத்தில் முளை வரும் என்பதையெல்லாம் சொன்னோம். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. "இப்படி ஒன்றை வீட்டில் வைத்தா குழந்தை வளர்த்தீர்கள், அம்மா?" என்றாள். நியாயமான கேள்வி. பதில் சொல்லவில்லை. எங்கள் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஆடி மாதம் மூன்றாம் வாரத்தில் அழைப்பு வந்தது. கிணற்றடிச் சுவரோரம் ஒன்று முளைத்திருக்கிறது, இலை நுனி சுருண்டிருக்கிறது என்றாள். கொத்தையும் கூடையையும் எடுத்துக்கொண்டு அப்போதே புறப்பட்டோம். போய்ச் சேர்ந்தபோது, கொடியைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கோழிவலை அடித்திருந்தார்கள். குழந்தையைத் தாய் தோளில் வைத்திருந்தாள். "பூக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டாள். இன்னும் ஒன்றரை மாதம் என்றோம். "பூத்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பார்த்துவிடுகிறோம்" என்றாள்.

பூத்தது, பார்த்தார்கள், கொடி வாடிய பின் வந்து எடுத்துக்கொண்டோம். இடத்தைக் கொண்டு பார்த்தால் அது பதினேழாம் எண்ணாகத்தான் இருக்க வேண்டும். முப்பதாம் எண் இன்னும் வெளிப்படவில்லை. குழந்தை இப்போது பள்ளி செல்கிறாள். ஆயினும் ஆண்டுதோறும் ஆடி பிறந்ததும் அவ்வீட்டாரை அழைத்துக் கேட்கிறோம். அவர்களும் சுவரோரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள்.